பெயரும் கூலியும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் பெண்களின் ஊதியச் சமத்துவம்

ஆய்வுச் சுருக்கம்

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றுள்ளது. ஆயினும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் பெண்களின் வருவாய் ஆண்களின் வருவாயினும் குறைந்தே நிற்கிறது. வேலைகளுக்கு வழங்கும் பெயர்களும், அவற்றின்வழி அமைந்த கூலிப் படிநிலையும் இதற்கு முதன்மைக் காரணங்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடை, கைமடி, சம ஊதியம், ஊதியச் சட்டத்தொகுப்பு.

முன்னுரை

பருத்தித் தொழிலில் பெண்ணுழைப்பு தமிழகத்தில் தொன்மையானது. இரவில் சிறு விளக்கொளியில் பருத்தியைத் தூய்மை செய்யும் பெண்ணைப் புறநானூற்றின் 326ஆம் பாடல் காட்டுகிறது. 'பருத்திப் பெண்டு' எனத் தொழிலின் பெயராலேயே அவளைச் சுட்டுகிறது. இன்றைய திருப்பூரிலும் கட்டிங், டெய்லர், அயர்ன், செக்கிங், கைமடி எனத் தொழிற்பெயரே உழைப்பவரின் பெயராகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூலி உண்டு. பெரும்பாலும் அப்பெயர் ஆணுக்குரியதா பெண்ணுக்குரியதா என்னும் வரையறையும் உண்டு.

வேலைப் பகுப்பும் கூலிப் படிநிலையும்

துணி பின்னுதல், சாயமிடுதல், வெட்டுதல், தேய்த்தல் ஆகியவற்றில் ஆண்களே மிகுதி. தையலில் இருபாலரும் உள்ளனர். செக்கிங், பிசிறு வெட்டுதல், கைமடி ஆகியன பெண்களுக்குரியனவாகக் கருதப்படுகின்றன. கைமடி என்பது தைப்பவருக்கு உதவியாக நின்று துணிப் பகுதிகளை எடுத்துக் கொடுத்து, மடித்து அடுக்கும் வேலை. செக்கிங் செய்பவர் ஊசித்துளை, எண்ணெய்க்கறை, தையல் விடுபடல், அளவு வேறுபாடு ஆகியவற்றைச் சில நொடிகளில் கண்டறிய வேண்டும். ஏற்றுமதிச் சரக்கு திருப்பி அனுப்பப்படாதிருத்தல் அவரது கண்ணைச் சார்ந்தது. எனினும் இவ்வேலை 'திறன்' என்னும் வரிசையில் தையலுக்குக் கீழே வைக்கப்பட்டுள்ளது.

உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் ஊதிய ஒப்பந்தம் இப்பிரிவுகளின் அடிப்படையிலேயே அமைகிறது. 2021இல் ஏற்பட்ட ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 32 விழுக்காடு உயர்வை வழங்கியது. அனைவருக்கும் ஒரே விழுக்காடு என்பது நேர்மையாகத் தோன்றும். விளக்கத்திற்காக இரு பிரிவுகளின் நாட்கூலியை 400 ரூபாய், 300 ரூபாய் எனக் கொள்வோமாயின், 32 விழுக்காடு உயர்வுக்குப்பின் அவை 528, 396 ஆகும். 100 ரூபாயாக இருந்த இடைவெளி 132 ரூபாயாக விரிகிறது. கூலி உயர்கிறது, படிநிலை மாறுவதில்லை.

சட்டத்தின் சொல்லாட்சி

அரசமைப்பின் 39(ஈ) உறுப்பு 'சம வேலை' என்கிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுடைய வேலை' என விரிக்கிறது. 1958இல் இந்தியா ஏற்புறுதி செய்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையோ 'சம மதிப்புடைய வேலை' என்னும் பரந்த அளவுகோலை முன்வைக்கிறது. முதலிரண்டின்படி பெண் டெய்லர் ஆண் டெய்லரோடு ஒப்பிடத்தக்கவர். செக்கிங் பெண்ணுக்கு ஒப்பிட ஆண் எளிதில் கிடைப்பதில்லை. மூன்றாவது அளவுகோலே அவரைக் கட்டிங் தொழிலாளியோடு நிறுத்திப் பார்க்க இடந்தருகிறது.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, ஒத்த வேலையை வரையறுக்கையில் திறன், முயற்சி, பொறுப்பு ஆகியவற்றோடு 'அனுபவம்' என்பதையும் சேர்த்துள்ளது. உயர்பிரிவு வேலையைக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கு அவ்வனுபவம் வாய்ப்பதில்லை.

ஒப்பீடாக இங்கிலாந்தின் டேகன்ஹாம் நிகழ்வைக் கூறலாம். அங்கு ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த பெண்கள், தம் வேலை குறைதிறன் பிரிவில் வைக்கப்பட்டதை எதிர்த்து 1968இல் வேலைநிறுத்தம் செய்தனர். 1970இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட இது தூண்டுகோலாயிற்று. ஆனால் அவர்கள் கோரிய பிரிவு மாற்றம் 1984இல், மற்றொரு வேலைநிறுத்தத்திற்குப் பின்னரே கிட்டியது. பிரிவின் பெயரை மாற்றுதல் சட்டம் இயற்றுவதினும் கடினமாயிற்று.

வாய்ப்பும் நேரமும்

திருப்பூரில் தொழிலாளராய் நுழைந்தோர் பலர் உரிமையாளராய் உயர்ந்தமையை ஷாரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்துள்ளார். உழைப்பால் உயர்ந்த அவ்வழி பெரிதும் ஆண்களுக்கே திறந்திருந்தது. பவர் டேபிளில் தைக்கப் பழகி, பீஸ் ரேட் குழு அமைத்து, பின் சொந்த யூனிட் தொடங்கும் படிகளில் ஏறக் கைமடிப் பெண்ணுக்கு நேரமும் முதலும் அரிது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கே வருவாய் கூடுகிறது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் காத்திருக்கும் பெண் ஒரு ஷிப்டோடு வீடு திரும்ப நேர்கிறது.

இரவு வேலைக்கான சட்டத் தடையும் முன்பு இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்த அத்தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வசந்தா வழக்கில் செல்லாததாக்கிப் பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. தடை நீங்கினாலும், பாதுகாப்பான போக்குவரத்தும் குழந்தைகள் காப்பகமும் இன்றி அவ்வுரிமை பயன்தராது.

முடிவுரை

பால்வழிக் கூலி வேறுபாடு திருப்பூரில் பெரும்பாலும் பணிப்பெயருக்குள் மறைந்து நிற்கிறது. ஆதலின் ஊதிய ஒப்பந்தங்களில் விழுக்காட்டு உயர்வோடு, கீழ்ப்பிரிவுகளுக்கு ரூபாய் அளவில் கூடுதல் உயர்வும் இடம்பெறுதல் வேண்டும். செக்கிங், கைமடி ஆகியவற்றின் திறனும் பொறுப்பும் மறுமதிப்பீடு செய்யப்படல் வேண்டும். அம்மதிப்பீட்டுக் குழுவில் அவ்வேலைகளைச் செய்யும் பெண்கள் அமர்தல் இன்றியமையாதது. வேலை நேரத்திற்குள்ளேயே தையலும் வெட்டும் கற்பிக்கப்படுமாயின், கைமடியாய் நுழைந்தவர் கைமடியாகவே ஓய்வுபெறும் நிலை மாறும்.