ஆரணியும் முதலியார்ப் பட்டமும்

ஆரணிப் பட்டு நெசவாளருள் செங்குந்தர் 'முதலியார்' என்னும் பட்டம் உடையர். 'முதல்' என்னும் சொல்லடியாகத் தோன்றிய 'முதலி', தலைமையுடையான் எனப் பொருள்படும். 'ஆர்' உயர்வு குறித்தது. சோழர் கல்வெட்டுக்கள் கைக்கோளரைப் படையினராகவும் கூறுதலின், இப்பட்டம் தறியினின்று பிறந்ததன்று எனக் கருத இடமுண்டு. அகமுடையாரும் தொண்டைமண்டல வேளாளரும் இதனையே பூணுவர்.

1931-க்குப் பின் சாதிவாரித் தொகை முழுமையாக வெளிவராமையின், பெயர்ப்பட்டியலில் முதலியாரை எண்ணி நெசவாளர் தொகை காண முயல்வார் இருவகையில் வழுவுவர்: நெய்யாதார் உட்புகுவர், சௌராட்டிர நெசவாளர் விடுபடுவர். இக்காலத்தார் பலர் தந்தை பெயரின் முதலெழுத்தோடு அமைந்து பட்டத்தையே விடுத்தனர். 1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் வழியினரிடத்தோ, 'முதலி' என்பது 'மூட்லி' எனத் திரிந்து வழிவழி வரும் குடும்பப் பெயராயிற்று.