லப்டொப் சுடுகிறதா?

1977, 1983 வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய நம் சொந்தபந்தங்களில் கடை நடத்துவோருக்கு இதைச் சொல்லி வைப்போம். மலைக்குளிரில் ஒழுங்காக ஓடும் லப்டொப், வன்னி வெயிலிலும் புழுதியிலும் கொதிக்கும்.

உள்ளே இருக்கும் சின்ன விசிறிதான் சூட்டை வெளியே தள்ளுகிறது. காற்று போகும் வழியைப் புழுதி அடைத்தால் மெஷின் மெதுவாகும். பிறகு தானாக நின்றுவிடும். "மெஷின் போச்சு" என்று கடன்பட்டுப் புதுசு வாங்க ஓடவேண்டாம். திருத்துபவரிடம் முதலில் புழுதியை எடுத்து, சில்லுக்கு மேல் காய்ந்துபோன பசையை மாற்றச் சொல்லுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள்.

பற்றரி வீங்கினால் சார்ஜ் போடவே கூடாது, குத்தவும் கூடாது, தீப்பிடிக்கலாம். கடைக் கணக்கைப் பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வைப்போம்.