தெளிந்த நீரும் தெரியாத மாசும்

நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டே நீரின் தூய்மையை நாம் ஃபிக்ஹு வகுப்புகளில் பாடம் நடத்தி வருகிறோம். சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் பேரவையும் 1978-இல் கழிவுநீர் குறித்து ஆராய்ந்தபோது, சுத்திகரிப்பினால் இம்மூன்றிலும் மாசின் அடையாளம் நீங்கிவிடுமாயின் அந்நீர் தூய்மையானதே எனத் தீர்மானித்தது. ஆயினும் உடல்நலம் கருதி அதனைப் பருகாதிருப்பதே நலம் என்றும் கூறி வைத்தது. அவ்வெச்சரிக்கையின் ஆழம் இன்று நமக்கு விளங்குகிறது.

வலிப்பு நோய்க்கான கார்பமசெபைன் மருந்தையே எடுத்துக்கொள்வோம். உடலிலிருந்து வெளியேறிச் சாக்கடையில் கலக்கும் இது, நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் வழக்கமான நிலையங்களைப் பெரும்பாலும் அப்படியே கடந்து ஆற்றை அடைகிறது. ஒரு லிட்டரில் மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருக்கும் இதனைக் கண்ணும் நாவும் அறியா.

இத்தகையவற்றை உடைக்க ஆக்சிஜனேற்றம் பயன்படுகிறது. ஓசோன், மூலக்கூறில் எலெக்ட்ரான் செறிந்த இடத்தைத் தேடித் தாக்கும் இயல்புடையது. கார்பமசெபைனிலுள்ள இரட்டைப் பிணைப்பு அதற்கு எளிதில் இரையாகிறது. இபுபுரூஃபெனில் அப்படிப்பட்ட இடம் இல்லை; ஆகவே ஓசோன் அங்கே மிகத் தயங்குகிறது. அப்பணியைச் செய்வது ஹைட்ராக்சில் தனி உறுப்பு. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைவதை ஃபென்டன் 1894-இல் விவரித்தார். அவ்வினையின் பின்னே இத்தனி உறுப்பு இருப்பதாக ஹேபரும் வைஸும் 1934-இல் கூறினர். இது ஆள் பார்த்துத் தாக்குவதில்லை; எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும். அதுவே இதன் குறையுமாகும்: நீரிலுள்ள இயற்கைக் கரிமப் பொருள்களும் பைகார்பனேட்டும் இதன் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன. கார்பன், ஃபுளூரின் பிணைப்பு நிறைந்த பி.எஃப்.ஓ.ஏ. போன்ற சேர்மங்களோ இதற்கும் அசைந்து கொடுப்பதில்லை.

உடைவது வேறு, அழிவது வேறு. பூஞ்சைக்கொல்லியான டோலைல்ஃபுளுவானிட் மண்ணில் சிதைந்து, தானே பெருந்தீங்கற்ற ஒரு பொருளாக நிலத்தடி நீரில் இறங்கியது. ஜெர்மனியில் அந்நீரைத் தூய்மையாக்க ஓசோன் செலுத்தியபோது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியதெனக் கருதப்படும் என்.டி.எம்.ஏ. அதிலிருந்து பிறந்தது! தூய்மைப்படுத்தும் செயலே மாசை ஈன்ற இந்நிகழ்வு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. அப்பூஞ்சைக்கொல்லியைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தெளிப்பது 2007-இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது.

இதனாலேயே, 2014-இல் முழு அளவிலான ஓசோன் முறையை மேற்கொண்ட சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃப் நிலையத்தில், ஓசோனுக்குப் பின் நீரை மணற்படுகை வழியாகச் செலுத்துகின்றனர். ஓசோன் முறித்துப் போட்ட துண்டுகளில் பலவற்றை அம்மணலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு தீர்க்கின்றன.