மெடிகெய்டு விலக்கு: யாருக்கு உண்டு, யார் சான்று காட்ட வேண்டும்?

2027 ஜனவரி 1 முதல் குறைந்த வருமானத்தோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகெய்டில் வேலை நிபந்தனை கட்டாயமாகிறது. சில மாநிலங்கள் முன்கூட்டியே தொடங்கலாம். அமெரிக்காவில் உறவினர்கள் உள்ள வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "போதைநோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்கிறார்களே, பிறகென்ன கவலை?"

விலக்கு உண்டு. மெடிகெய்டைக் கூடுதல் பெரியவர்களுக்கு மாநிலங்கள் திறந்துவிட்ட 'விரிவாக்க'த்தில் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூகப் பணியோ செய்ய வேண்டும் என்னும் 2025 ஜூலைச் சட்டம், போதைநோய் உள்ளவர்களைக் குறிப்பிட்டே விடுவிக்கிறது. இதைத்தான் அதிகாரிகள் 'பாதுகாப்பு' என்கிறார்கள். என் பார்வையில் அது காகிதத்தில் உள்ள உரிமை. கைக்கு வர வேறொரு கதவு திறக்க வேண்டும்.

ஓபியாய்டு பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான புப்ரினார்ஃபினை ஏற்கெனவே எடுப்பவரின் மருந்துச் செலவு மெடிகெய்டு கணக்கிலேயே இருக்கும். மாநிலம் அதைப் புரட்டினால், படிவம் கேட்காமலே அவரை விட்டுவிடலாம். ஃபென்டனில் என்னும் ஓபியாய்டை விட வேண்டும் என்று இன்றுதான் முடிவெடுத்து, புதிதாக விண்ணப்பிப்பவரைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இருக்காது. மருத்துவச் சான்று கேட்கும் மாநிலமென்றால் அவர் என்ன செய்வார்? சான்றுக்கு மருத்துவர் வேண்டும். மருத்துவரைப் பார்க்கக் காப்பீடு வேண்டும். காப்பீட்டுக்குச் சான்று வேண்டும். சிகிச்சை மிக அவசரமாகத் தேவைப்படுகிறவர்தான் வாசலில் நிற்கிறார்.

ஆர்க்கன்சாவில் 2018இல் இதே போன்ற நிபந்தனை வந்தது. தொடக்கத்தில் இணையத்தில் மட்டுமே மணிக்கணக்கைப் பதிய முடிந்தது. அந்தத் தளமும் இரவு 9 மணிக்கு மூடிவிடும். சில மாதங்களில் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நிறுத்தியது. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் ஏற்கெனவே அதை நிறைவேற்றியவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. ஓபியாய்டு பழக்க நோய் உள்ள, 65 வயதுக்குட்பட்ட பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மெடிகெய்டை நம்பியிருக்கிறார்கள். காப்பீடு போய், மருந்து நின்று, பழக்கம் திரும்பினால், உடலின் தாங்கும் சக்தி குறைந்திருப்பதால் பழைய அளவே உயிரைப் பறித்துவிடலாம்.

மற்ற கேள்விகள்:

டெக்சஸ், ஃபுளோரிடா? அங்கே விரிவாக்கமே இல்லை. இந்த நிபந்தனையும் இல்லை.

மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கு? பொருந்தாது.

ஒருமுறை தகுதி பெற்றால் போதுமா? போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியை மறுபடி பார்ப்பார்கள்.

நிபந்தனை தவறி நீக்கப்பட்டால், தனியார் காப்பீட்டுக்கு அரசு மானியம்? கிடைக்காது.

நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று நோட்டீஸ் வந்துவிட்டால்? பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதுவரை காப்பீடு தொடரும். மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.