புத்தளம் கரை சொல்லும் பாடம்: ஊர் கூடிச் செய்யும் கலை



ஒவ்வொரு வருஷமும் நம் தோட்டங்களிலிருந்து முன்னேஸ்வரத்துக்கும் தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்கும் எத்தனையோ குடும்பங்கள் பஸ் பிடித்துப் போய் வருகின்றன. சாமி கும்பிட்டு, பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டி, கொஞ்சம் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்தக் கரையில் வாழும் சனங்கள் என்ன பாடுகிறார்கள், எதை நினைத்துக் கவலைப்படுகிறார்கள் என்று விசாரிக்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

சமாதானத்துக்கும் பூமியைக் காப்பாற்றுவதற்கும் கலை உதவும் என்று கூட்டங்களில் பேசக் கேட்டிருப்பீர்கள். "சம்பளம் வயித்துக்கே பத்தல, இதுல கலை என்னத்துக்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் இந்த இதழில் புத்தளம் கரைக்குப் போகிறோம்.

ஊர்க் கலை என்பது எது?

காசு கொடுத்துப் படம் பார்ப்பது ஒரு வகை. அங்கே செய்கிறவர் வேறு, பார்க்கிறவர் வேறு. நம் தோட்டத்துக் காமன் கூத்து அப்படியா? மாசி மாதம் பிறை கண்டு கம்பம் ஊன்றுகிற நாளிலிருந்து ஊரே அதில் இறங்கிவிடுகிறது. ஒருவர் தப்பு அடிக்கிறார், ஒருவர் ரதிக்குச் சேலை கொடுக்கிறார், ஒரு வீட்டில் தேத்தண்ணி வருகிறது. பார்க்கிறவரும் பாதி ஆட்டக்காரர்தான். நேற்றுவரை பேசாமலிருந்த இரண்டு லயத்துக்காரரும் அன்றைக்கு ஒரே பந்தலில் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்படிப் பல கைகள் கூடிச் செய்வதைத்தான் இங்கே ஊர்க் கலை என்கிறோம். அழகு வருவது இரண்டாவது. சனம் ஒன்றாக நிற்பதுதான் முதலாவது.

உடப்பில் கயிறும் பாட்டும்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் முந்தல் களப்புமாக இருக்கிற தமிழ்க் கிராமம் உடப்பு. அவர்களின் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது ஊர் வழக்கு. நம் முன்னோர் வந்ததும் அந்தக் கடல் தாண்டித்தானே. ஒரு வகையில் தூரத்துச் சொந்தம்.

அங்கே முக்கியமான தொழில் கரைவலை. வலையைத் தோணியில் ஏற்றிக் கடலுக்குள் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்று முனைகளையும் கரையில் இரண்டு கூட்டம் நின்று இழுக்கும். ஒரு கூட்டம் முந்தினால் வலை கோணிப்போகும், மீன் தப்பிவிடும். அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். அதற்காகப் பாடுவதுதான் அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். சாமி பேர் வரும், கேலி வரும், களைப்பும் வரும். பாட்டின் தாளத்துக்கே கால் பின்னால் வைக்கப்படும்.

பாருங்கள், இது பொழுதுபோக்கு இல்லை. கத்தி, கூடைபோல அந்தப் பாட்டும் ஒரு வேலைச் சாமான். பாட்டு இல்லாவிட்டால் மடியில் மீனும் இல்லை.

பிற்காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. வின்ச்சுக்குப் பாட்டுத் தேவையில்லை, அத்தனை ஆளும் தேவையில்லை. வேலை சுலபமானது உண்மை. ஆனால் பங்கு கிடைத்த பல குடும்பங்களின் கை சும்மாவானது. வின்ச் கடலடித் தரையை வாரிக்கொண்டு வருகிறது, குஞ்சு மீன் அழிகிறது என்று மீனவர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது. ஒரு பாட்டு நின்றால் அதோடு பிழைப்பும் கடலும் சேர்ந்து ஆட்டங்காண்கின்றன.

உடப்பின் இன்னொரு பெருமை திரௌபதி அம்மன் திருவிழா. ஆடி மாதத்தை ஒட்டிப் பதினெட்டு நாள் நடந்து, தீமிதிப்போடு முடியும். பாரதப் போரும் பதினெட்டு நாள்தானே. மண்ணுக்காகப் பங்காளிகள் அடித்துக்கொண்ட கதையை ஊர் கூடி வருஷா வருஷம் நினைக்கிறது. கதை முடிகிறபோது ஜெயித்தவர் வீட்டிலும் அழுகைதான். சண்டை வேண்டாம் என்று மேடை போட்டுப் பேசுவதைவிட இது ஆழமாக மனதில் இறங்கும்.

அந்தக் கரையின் காயங்கள்

புத்தளம் கரைக்கும் சோதனைகள் குறைவில்லை. மூன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று: 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள், சுமார் 75,000 பேர், வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம், கற்பிட்டிப் பக்கம். அங்குள்ள மக்கள் முதலில் கஞ்சி ஊற்றி, இடம் கொடுத்துத் தாங்கினார்கள். ஓலைக் கொட்டில் முகாமில் வருஷங்கள் நீள நீள, தண்ணீருக்கும் காணிக்கும் கூலி வேலைக்கும் போட்டி வந்தது. இருந்தவருக்கும் வந்தவருக்கும் மனத்தாங்கல் வந்தது.

இரண்டு: 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. களப்போரத்துக் கண்டற்காடுகளை வெட்டிக் குளம் தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து இறால்கள் செத்தன. பல குளங்கள் கைவிடப்பட்டன. இறாலும் போச்சு, காடும் போச்சு.

மூன்று: 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள், சுமார் 1,680 தொன், கடலில் கலந்தன. மேற்குக் கரை நெடுகிலும் அவை வெள்ளை மணலோடு மணலாக ஒதுங்கின. புத்தளம் மாவட்டக் கரையும் தப்பவில்லை.

பம்பலவில் ஒரு கண்டற் காட்சியகம்

கண்டல் என்பது உப்புத் தண்ணீரில் வளரும் மரம். வேர்கள் ஊன்றுகோல்போலச் சேற்றில் இறங்கி நிற்கும். அலையின் வேகத்தைத் தடுக்கும், மண்ணைப் பிடித்துவைக்கும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அந்த வேர்களுக்குள்தான் ஒளிந்து வளரும். விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, ஈட்டிபோலக் கீழே விழுந்து சேற்றில் குத்திக்கொள்வது அதன் விசேஷம். நம் மலைச்சரிவுக்குக் காடு எப்படியோ, களப்புக்குக் கண்டல் அப்படி.

சிலாபத்துக்கு அருகில் பம்பலவில் சுதீச என்ற சிறு மீனவர் சம்மேளனம் இருக்கிறது. அமெரிக்காவின் சீக்கொலஜி அமைப்போடு சேர்ந்து 2015இல் இவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 1,500 கரையோரக் கிராமங்களில் 15,000 பெண்களுக்குத் தொழில் பயிற்சியும் சிறு கடனும் கொடுப்பது, அதற்குப் பதிலாக அவர்கள் தங்கள் ஊர்க் கண்டற்காட்டைக் காவல் காப்பது என்பது ஒப்பந்தம். நாட்டிலுள்ள கண்டற்காடு முழுவதையும் காப்பதே நோக்கம். 2016 ஜூலை 26, சர்வதேசக் கண்டல் தினத்தன்று, பம்பலவில் கண்டல் காட்சியகம் திறக்கப்பட்டது. உலகிலேயே கண்டலுக்கென்று அமைந்த முதல் காட்சியகம் இது என்று சொல்லப்பட்டது.

இதைக் கலை என்று சொல்லலாமா? முழுக்கச் சொல்ல முடியாது. ஆனால் பாடம் ஒன்றுதான். பிள்ளைகள் படத்தையும் மாதிரியையும் பார்க்கிறார்கள், பிறகு வெளியே வந்து சேற்றில் நிற்கும் அதே மரத்தைத் தொடுகிறார்கள். நம் தேயிலைத் தவறணையில் நாற்று வளர்ப்பதுபோலக் கண்டல் கன்றும் வளர்த்து நடப்படுகிறது. கண்ணால் பார்த்தது மறக்கும். கையால் நட்டது மறக்காது.

மறுகரையில் ஒரு பூங்கா, தூர தேசத்தில் ஒரு துணி

இனக் காயத்துக்குக் கலை மருந்தாகுமா என்று அறிய, நாட்டின் குறுக்கே மட்டக்களப்புக்குப் போக வேண்டும். யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும், இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் அதற்கு முன்னின்றார்கள். யுத்தத்தில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே தோட்டத்துக்கு வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள், செடி வளர்த்தார்கள். "சமாதானமாக இரு" என்று யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரே களிமண்ணில் இரண்டு பேர் கை வைத்தால், அந்தப் பொம்மையை யாருடையது என்று பிரிப்பது எப்படி?

வெளிநாட்டிலும் இதே யோசனை உண்டு. 1937இல் ஸ்பெயினின் குவெர்னிக்கா என்ற ஊர்மேல் குண்டு போட்டபோது பிக்காசோ ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். ஏறக்குறைய மூன்றரை மீற்றர் உயரம், ஏழே முக்கால் மீற்றர் நீளம். 1995இல் ஜப்பானில் தொடங்கிய ஒரு முயற்சி, அதே அளவுத் துணியைப் பல நாட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சமாதானப் படம் வரையச் செய்தது. அவ்வளவு பெரிய துணியை ஒரு பிள்ளை தனியாக வரைய முடியாது. "நீ அந்த மூலை, நான் இந்த மூலை" என்று பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சிலேயே பாதி சமாதானம் வந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை

படம் வரைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. 2019 கடைசியில் நாடெங்கும் இளைஞர்கள் தெருச் சுவர்களில் படம் வரைந்தது நினைவிருக்கும். அவர்களின் ஆர்வம் நல்லது. இயற்கையை அழகாக வரைந்தவர்களும் உண்டு. ஆனால் சில சுவர்களில் ஒரு இனத்தின் கதை மட்டுமே இருக்கிறது, மற்றவர்கள் எங்கே என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. ஆகவே, தூரிகை யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லார் கைக்கும் அது போனால்தான் சமாதானம். இல்லாவிட்டால் அதே சுவர் மனதைப் புண்படுத்தும்.

சரி, நம் தோட்டத்தில் என்ன செய்யலாம்?

"அதெல்லாம் கடற்கரை சனத்துக்கு, நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்து ஓடைகள் களனி கங்கையாகி மேற்குக் கடலில்தான் சேர்கின்றன. மாத்தளை மலைப்பக்கத்துத் தண்ணீர் தெதுறு ஓயாவோடு சிலாபத்தில் கடலில் விழுகிறது. நாம் கானில் எறியும் ஷொப்பிங் பை மழையோடு இறங்கி அவர்கள் வலையில் போய் மாட்டலாம்.

நம் உயிருக்கும் இது சம்பந்தப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்க முடியுமா? அது ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. பாதுகாப்பான காணியும் வீடும் நம் உரிமை, அதைப் படத்தாலும் பாட்டாலும் ஈடுகட்ட முடியாது. கேட்டுப் பெறத்தான் வேண்டும். ஆனால் ஆபத்தின் அடையாளத்தைச் சின்னப் பிள்ளைக்கும் தெரிய வைக்கப் படமும் பாட்டும் கைகொடுக்கும்.

நாம் சொல்லக்கூடிய சில வழிகள்:

1. பிள்ளை மடுவத்திலோ பாடசாலையிலோ பழைய படுக்கை விரிப்புகளைத் தைத்து ஒரே துணியாக்குங்கள். மலை உச்சியிலிருந்து கடல்வரை ஓடும் நம் ஓடையைப் பிள்ளைகள் வரையட்டும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கடைவீதிப் பிள்ளைகளையும் கட்டாயம் கூப்பிடுங்கள்.

2. வரைந்த அன்றே எல்லாரும் சேர்ந்து பீலிக்கரையையும் கானையும் சுத்தம் செய்யுங்கள். படம் ஒரு நாள், வேலை இன்னொரு நாள் என்று பிரித்தால் வேலை நடக்காது.

3. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று ஊறும் கலங்கிய தண்ணீர் ஆகிய மண்சரிவு அடையாளங்களை லயத்துச் சுவரில் பெரிதாக வரையுங்கள். வெடிப்பைக் கண்டால் எந்த வழியாக எங்கே ஓடுவது என்பதையும் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

4. காமன் கூத்து, பொன்னர் சங்கர் தெரிந்த பெரியவர்களிடம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுகளை எழுதி எடுங்கள். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் நம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்ததால்தான் இன்றைக்கும் அவை புத்தகமாகக் கிடைக்கின்றன. நம் தோட்டத்துத் தாத்தா, அம்மாயியிடம் இருப்பதை நாமே எழுதாவிட்டால் யார் எழுதுவார்?

இவற்றுக்குப் பெரிய காசு வேண்டாம். கூப்பிட நாலு பேரும், வர நாற்பது பேரும் போதும்.

அடுத்த முறை முன்னேஸ்வரமோ தலவிலவோ போகும்போது கரையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். யாராவது கயிறு இழுத்துக்கொண்டிருந்தால் கிட்டப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "ஏம்மா பாடிக்கிட்டே இழுக்கிறாங்க?" என்று பிள்ளை கேட்டால், பதில் இப்போது உங்களுக்குத் தெரியும்: தனியாக இழுத்தால் வலை வராது.