நாட்டு நடப்பைக் கற்பது எவ்வாறு?

மாலை வேளையில் நம் கிராமங்களில் ஊர்ப்புற நூலகத்தின் பக்கம் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். வாலிபர்களும் இளம் பெண்களும் கையில் புத்தகமும் குறிப்பேடுமாகத் திண்ணையிலும் மரத்தடியிலும் அமர்ந்திருப்பார்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளுக்கு அவர்கள் ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ அமர்ந்துவிட்டால் ஒரு குடும்பமே தலைநிமிரும் என்பதை யாவரும் அறிவர். ஆதலின் இம்முயற்சியைப் போற்றுவது நம் கடமை. அதனினும் பெரிய கடமை, அம்முயற்சி வீணாகாமல் வழி கூறுவதாகும்.

சில திங்களுக்கு முன், வீடு கட்டும் திட்டத்தில் தம் தாயார் கொடுத்த மனு பற்றி விசாரிக்க ஓர் இளைஞர் நம் அலுவலகத்திற்கு வந்தார். கையில் தடித்த குறிப்பேடு ஒன்று இருந்தது. மூன்று முறை தேர்வெழுதியும் வெற்றி கிட்டவில்லை என்றார். பக்கத்து நகரத்துப் பயிற்சி நிலையத்திற்குக் கட்டணம் கட்டுவதற்காக, வீட்டிலிருந்த கறவை மாட்டைத் தாயார் விற்றுவிட்டாராம். குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினோம். ஏறக்குறைய இரண்டாயிரம் செய்திகள், ஒவ்வொன்றும் ஒற்றை வரியில் எழுதப்பட்டிருந்தன.

"தம்பி, அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பு எந்த நாளைக் குறித்தது?" என்று கேட்டோம்.

"2027 மார்ச் 1, ஐயா" என்று தயங்காமல் விடை சொன்னார்.

"சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் பெண்களுக்கு இட ஒதுக்கீடு செய்த திருத்தம் எது?"

"106ஆவது திருத்தம், ஐயா."

"இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு யாது?"

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இரண்டும் தனித்தனிக் கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன், ஐயா" என்றார்.

குற்றம் அவருடையதன்று. செய்தியை உதிரியாக மனப்பாடம் செய்யும் முறையே குற்றமுடையது. உதிரியாகக் கற்ற செய்தி, கேள்வி சற்றே திரும்பினால் கைவிட்டுவிடும். வேரோடு கற்ற செய்தியோ தேர்விலும் துணை நிற்கும். பதவி ஏற்றபின் பணியிலும் துணை நிற்கும்.

ஐந்து வினாக்கள்

செய்தித்தாளில் ஒரு முக்கியச் செய்தியைக் கண்டால் ஐந்து வினாக்களை எழுப்பி விடை காணவேண்டும். நடந்தது என்ன, எந்த நாளில்? அதற்கு ஆதாரமான சட்டம் அல்லது அரசியலமைப்பு விதி யாது? பொறுப்பு யாருடையது? இதற்கு முன் நிலை எவ்வாறு இருந்தது? நம் ஊருக்கு இதனால் விளைவது என்ன? இவ்வைந்தையும் அரைப் பக்கத்தில் எழுதிவைத்தால், ஒரு செய்தியிலிருந்து பத்துக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும். மேற்சொன்ன மக்கள் தொகைக் கணக்கெடுப்பையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

நாளும் சட்டமும்

2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூன் 16ஆம் நாள் அரசிதழில் வெளியிடப்பட்டது. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஆம் நாள் பிறக்கும் நள்ளிரவே கணக்கின் நேரம். லடாக்கிற்கும், ஜம்மு காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தரகாண்டு ஆகியவற்றின் பனி சூழ்ந்த பகுதிகளுக்கும் 2026 அக்டோபர் 1ஆம் நாள் பிறக்கும் நள்ளிரவு குறிக்கப்பட்டது.

ஒரே நள்ளிரவைக் குறிப்பது ஏன்? மக்கள் நாள்தோறும் பிறக்கிறார்கள், இறக்கிறார்கள், இடம் பெயர்கிறார்கள். ஓடும் நீரை அளப்பதற்கு ஒரு கணத்தை நிலையாகக் கொள்ளவேண்டும். அக்கணத்திற்கு முன் பிறந்து உயிரோடிருக்கும் குழந்தை கணக்கில் சேரும். அதற்குப் பின் பிறந்தது சேராது. காரணம் இவ்வாறு விளங்கிவிட்டால் நாளும் தானே நினைவில் நிற்கும்.

பணி இரு கட்டங்களாக வகுக்கப்பட்டது. முதலாவது, வீடுகளையும் அவற்றின் வசதிகளையும் பட்டியலிடுவது. இதற்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள காலம் ஒதுக்கப்பட்டது. இரண்டாவது, ஆட்களை எண்ணுவது. இதற்கு 2027 பிப்ரவரி குறிக்கப்பட்டது. காகிதப் படிவங்களுக்குப் பதிலாகக் கைபேசிச் செயலியில் விவரம் பதிவதும், குடும்பத்தார் தாமே இணையத்தில் விவரம் அளிக்க வாய்ப்புத் தருவதும் இம்முறை வகுக்கப்பட்ட புதுமைகளாம். இப்பணிக்காக மத்திய அமைச்சரவை 2025 டிசம்பர் 12ஆம் நாள் ரூபாய் 11,718.24 கோடிக்கு ஒப்புதல் அளித்தது.

ஆதாரமான சட்டம் 1948ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டமாகும். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 69ஆவது இனமாக இப்பொருள் இடம்பெற்றுள்ளது. பொறுப்பு மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஆணையருடையது. இச்சட்டத்தின்படி கேள்விகளுக்கு விடை கூறுவது குடிமக்களின் கடமை. எனினும், கணவன் பெயரைக் கூறும்படி எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும் சட்டம் கூறுகிறது. நம் வீடுகளின் வழக்கத்தை அறிந்தோர் எழுதிய விதி இது. கணக்கெடுப்பில் ஒருவர் அளித்த விவரத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொள்ளவும் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே உண்மையைக் கூற யாரும் அஞ்சவேண்டுவதில்லை.

முந்தைய வரலாறு

இந்தியாவில் முதல் கணக்கெடுப்பு 1872ஆம் ஆண்டினதாகக் கூறப்படும். எனினும் அது நாடெங்கும் ஒரே காலத்தில் நடந்ததன்று. ஒரே காலத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881ஆம் ஆண்டினது. "முதல்" என்ற சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவர்.

2011ஆம் ஆண்டுக் கணக்கு வரிசையில் 15ஆவது. சுதந்திரத்திற்குப் பின் 7ஆவது. 2021ஆம் ஆண்டில் நடந்திருக்கவேண்டியது கொரோனாத் தொற்றினால் தடைப்பட்டது. ஆகவே 2027ஆம் ஆண்டினது 16ஆவது கணக்காகிறது.

2011ஆம் ஆண்டு எண்களிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். முதலில் தற்காலிக எண்களும் பின்னர் இறுதி எண்களும் வெளியாயின. நாட்டு மக்கள் தொகை தற்காலிகமாக 121.02 கோடி, இறுதியில் 121.09 கோடி. ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் முதலில் 940, இறுதியில் 943. நம் மாநிலத்தில் இவ்விகிதம் முதலில் 995, இறுதியில் 996. இறுதிக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் தொகை 7,21,47,030. இரு புத்தகங்களில் இரு எண்களைக் கண்டு மயங்கும் மாணவர், எது தற்காலிகம், எது இறுதி என்று குறித்துக்கொண்டால் ஐயம் தீரும்.

சாதிவாரி விவரமும் இவ்வரலாற்றில் அடங்கும். எல்லாச் சாதிகளையும் எண்ணி விவரம் வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931ஆம் ஆண்டினது. சுதந்திரத்திற்குப் பின் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டுமே தனியே எண்ணப்பட்டு வந்தனர். அடுத்த கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேரும் என 2025 ஏப்ரல் 30ஆம் நாள் மத்திய அமைச்சரவைக் குழு முடிவு செய்தது. 2023இல் பீகார் மாநில அரசு வெளியிட்ட சாதி விவரம் அம்மாநிலம் நடத்திய ஆய்வேயன்றி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுத்த கணக்கன்று. இவ்வேறுபாடு தேர்வுக்கு உகந்த கேள்வி.

செய்தியோடு பிணைந்த செய்திகள்

இனி அந்த இளைஞர் தயங்கிய இடத்திற்கு வருவோம். 106ஆவது திருத்தம் 2023 செப்டம்பர் 20ஆம் நாள் மக்களவையிலும், 21ஆம் நாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மக்களவை, மாநிலச் சட்டமன்றங்கள், தில்லிச் சட்டமன்றம் ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குவது இதன் நோக்கம். ஆனால் 2023இல் நிறைவேறிய வடிவில், இத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் எடுக்கப்படும் முதல் மக்கள் தொகைக் கணக்கின்படி தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்ட பிறகே ஒதுக்கீடு செயலுக்கு வரும் என அதிலேயே எழுதப்பட்டது. கணக்கெடுப்புக்கும் பெண்கள் ஒதுக்கீட்டுக்கும் இடையேயுள்ள கண்ணி இதுவே.

தொகுதி மறுவரையறை மற்றொரு கண்ணி. கணக்கெடுப்பு ஒவ்வொன்றும் முடிந்தபின் மக்களவை இடங்களைச் சீர்செய்யவேண்டும் என்பது அரசியலமைப்பின் 82ஆவது விதி. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமைந்த இட எண்ணிக்கையை 2000 வரை மாறாமல் நிறுத்தியது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம், அதனை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கு வரை நீட்டித்தது. 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் மாநிலத்திற்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அவை 39 ஆயின. இவற்றை அறிந்தவருக்கு, மறுவரையறை பற்றி நம் மாநிலத்தில் எழுந்த விவாதங்களின் பொருள் எளிதில் விளங்கும்.

ஒரு மசோதா அவைகளில் நிறைவேறுவது, ஒப்புதல் பெறுவது, நடைமுறைக்கு வருவது ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். மூன்றையும் தனித்தனி நாளோடு எழுதும் பழக்கம் வேண்டும்.

நம் ஊருக்கு என்ன?

இவ்வினாவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் பணிபுரியும் ஊராட்சி ஒன்றியத்தில் நாள்தோறும் காண்பது இது: கணக்கில் ஏறாதவர் திட்டத்திலும் ஏறுவது அரிது. அரசியலமைப்பின் 243-டி விதிப்படி, ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடங்கள் அவர்களுடைய மக்கள் தொகை விகிதத்தைப் பொறுத்தவை. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராம மக்களில் 75 விழுக்காடு வரையிலும் நகர மக்களில் 50 விழுக்காடு வரையிலும் பயன்பெற வகை செய்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டே பயனாளர் வரம்பு ஏறக்குறைய 81.35 கோடி என நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்டது. எனவே ஒரு குக்கிராமத்தில் நாற்பது பேர் விடுபட்டால், அது வெறும் எண் பிழையன்று. அரிசியும் ஊராட்சி மன்ற இடமும் குறையக் காரணமாகும் பிழை.

குறிப்பேடு எழுதும் முறை

நாளொன்றுக்கு ஒரு செய்தி போதும். அரைப் பக்கத்தில் ஐந்து விடைகளை எழுதி, மறுபாதியை வெறுமையாக விடுக. அச்செய்தியில் பின்னர் நிகழும் மாறுதல்களை நாளிட்டு அங்கே சேர்க்கலாம். நடப்புச் செய்தி மாறும் இயல்புடையது. நாளிடாத குறிப்பு பழைய உண்மையைப் புதியதாகக் காட்டி ஏமாற்றும். கைபேசியில் வரும் துணுக்குகளை அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகக் குறிப்போடு ஒப்பிட்ட பின்னரே ஏற்கவேண்டும். வாரம் ஒரு முறை நூலகத்தில் நால்வர் கூடி, ஒருவர் கூற மற்றவர் வினவினால் கற்றது உறுதிப்படும். இதற்குக் கட்டணமும் இல்லை. மாட்டை விற்கவும் வேண்டுவதில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த இளைஞர் மீண்டும் வந்தார். இம்முறை மனு பற்றிக் கேட்கவில்லை. "ஐயா, எங்கள் காலனியில் பதினோரு குடும்பங்கள் தை பிறந்ததும் செங்கற்சூளைக்குப் போய்விடும். பிப்ரவரியில் அவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். அவர்களை எங்கே எண்ணுவார்கள்?" என்று கேட்டார்.

2011இல் கைக்கொண்ட முறைப்படி, பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுவதும் வெளியூரில் இருந்தவரை, அவர் இருந்த இடத்திலேயே எண்ணினார்கள். ஆகவே சூளையிலும் கணக்கெடுப்பாளர் வந்தாரா என்று கேட்டறிந்து பெயரைப் பதியச் செய்யவேண்டும் என்பதைக் கூறினோம். அதனை அக்குடும்பங்களுக்குத் தாமே எடுத்துச் சொல்வதாகக் கூறி அவர் விடைபெற்றார்.

நாட்டு நடப்பை அவர் கற்கத் தொடங்கிவிட்டார் என்பதை அன்று அறிந்தோம். தேர்வில் அவர் பெறப்போகும் மதிப்பெண் எத்தனையாயினும், அரசு ஊழியருக்கு வேண்டிய முதல் தகுதி அவரிடம் வந்துவிட்டது. நம் கிராமத்து இளைஞர் ஒவ்வொருவரும் இவ்வழியில் கற்று, தாமும் உயர்ந்து தம் ஊரையும் உயர்த்துவார்களாக.