பெரிய எழுத்துப் பாடநூல்: சிறிய அச்சகங்களுக்கு ஒரு வேலை

பாடசாலை மதிலுக்கு எதிரே போட்டோ கொப்பிக் கடை இல்லாத ஊர் நமது நாட்டில் அரிது. அப்படிக் கடை வைத்திருப்பவர்களிடம் எப்போதாவது ஒரு தாய் பிள்ளையின் பாடநூலோடு வந்து, "தம்பி, இதக் கொஞ்சம் பெருசாக்கித் தர ஏலுமா?" என்று கேட்டிருப்பார். நாமும் பெரிதாக்கிக் கொடுத்துக் காசை வாங்கியிருப்போம். அது சரியான வேலையா என்பதுதான் இந்த வாரம் பேச வேண்டிய விடயம்.

அந்தப் பிள்ளை பார்வையற்ற பிள்ளை அல்ல, பிரெய்ல் தேவையில்லை. கண்ணாடி அணிந்தாலும் முழுமையாகத் திருந்தாத குறைபார்வை. பிறவிக் கண்புரை, அல்பினிசம், விழித்திரை நோய் எனக் காரணங்கள் பல. 1980 முதல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்துவரும் பாடநூல் அதன் கையிலும் இருக்கிறது, ஆனால் வாசிக்க முடியாது. போதாக்குறைக்கு "படிப்பு ஏறாத பிள்ளை" என்ற பெயர் வேறு.

ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் எழுத்து 141 வீதமாகும். அதாவது 12 புள்ளி எழுத்து ஏறத்தாழ 17 புள்ளியாகும். பெரிய எழுத்து நூலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 18. எனவே அளவில் பெரிய குறை இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏ3 புத்தகம் வகுப்பறை மேசையில் கொள்ளாது. மூலத்தில் மங்கலாக இருந்தது பெரிதாகும்போது மங்கலாகவே பெரிதாகும். வர்ணப் படங்களும் வரைபடங்களும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. புள்ளி மறைந்தால் 'க்' என்பது 'க' ஆகும். தடித்த எழுத்தில் சுழிகள் அடைபட்டு 'ண', 'ன' இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே தடிமன் அளவோடும், சுழிகள் திறந்தும் உள்ள எழுத்துருவே வேண்டும்.

நல்ல வழி, நூலைக் கொம்பியூட்டரில் மீண்டும் பக்கமாக்குவது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களின் பீடிஎப் கோப்புகள் கிடைக்கின்றன. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த கோப்பிலிருந்து பிரதி செய்தால் எழுத்துக்கள் சிதறும். மாற்றிய பின் ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கூலியில் பெரும் பங்கு இங்கேதான் போகும். விலை சொல்லும்போது இதை மறந்தால் கை கடிக்கும்.

தாள் கணக்கையும் பாருங்கள். எழுத்து 12இலிருந்து 18 ஆனால் நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை மடங்கு, பரப்பில் இரண்டேகால் மடங்கு. 150 பக்க நூல் அதே அளவுத் தாளில் சுமார் 340 பக்கமாகும். ஒரே கட்டாகக் கட்டினால் பிள்ளையால் சுமக்க முடியாது. தவணைக்கு ஒன்றாக மூன்று பாகமாகப் பிரித்து, விரித்தால் தட்டையாகக் கிடக்கும் ஸ்பைரல் பைன்டிங் போடலாம். மினுங்கும் தாள் கூடாது, வெளிச்சம் பட்டுக் கண் கூசும். மறுபக்க எழுத்து தெரியாத கனமும் வேண்டும். முக்கியமாக, மூல நூலின் பக்க எண்ணை ஓரத்தில் போடுங்கள். ஆசிரியர் "42ஆம் பக்கத்தை எடுங்கள்" என்றால் அந்தப் பிள்ளையும் எடுக்க வேண்டுமல்லவா?

பாரம் என்பது இத்தொழிலின் பழைய பிரச்சினை. இங்கிலாந்தில் பிரடெரிக் தோர்ப் என்ற ஓய்வுபெற்ற பதிப்பாளர் 1964இல் அல்வர்ஸ்க்ரொப்ட் என்ற பெயரில் பெரிய எழுத்து நூல்களை வெளியிடத் தொடங்கினார். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதைகளும் அவற்றில் இருந்தன. வாங்கியவை பெரும்பாலும் பொது நூலகங்கள். முதலில் வந்தவை அளவில் மிகப் பெரியவை, வயதானவர்களுக்குத் தூக்கக் கஷ்டம். 1969இல் 16 புள்ளி எழுத்தோடு சாதாரண நூலின் அளவுக்கு அவர் இறங்கிவந்தார். அந்நிறுவனம் பிற்காலத்திலும் நிலைத்தது.

நமது கடைக்காரருக்கு அவ்வளவு பெரிய சந்தை கிடையாது. சட்டமும் ஓர் எல்லை போடுகிறது. 2013இல் மராகேஷ் நகரில் நிறைவேறிய உடன்படிக்கையில் இலங்கை 2016இல் இணைந்தது. பார்வைக் குறைபாடுள்ளோர் வாசிக்கக்கூடிய பிரதியை, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இலாப நோக்கமின்றித் தயாரிக்கலாம், பயனாளியோ அவர் சார்பில் இன்னொருவரோ அவரது சொந்தப் பாவனைக்குத் தயாரிக்கலாம் என்பதே அதன் சாரம். எனவே இது அடித்து அடுக்கிவைத்து விற்கும் சரக்கல்ல, ஓடருக்குச் செய்யும் கூலி வேலை. பெற்றோரிடமோ பாடசாலையிடமோ ஒரு கடிதம் வாங்கிக் கோவையில் வையுங்கள். பல பிரதிகள் என்றால் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி பெறுவதே பாதுகாப்பு. இலாபம் சொற்பம்தான். ஆனால் ஒருமுறை பக்கமாக்கிய கோப்பு, பாடத்திட்டம் மாறும்வரை அடுத்த பிள்ளைக்கும் உதவும். இரண்டாம் பிரதிக்குத் தாளும் மையும் கட்டும் கூலியும்தான் செலவு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரிய எழுத்து பொருந்தாது. பார்வைப் பரப்பு சுருங்கிய பிள்ளைக்குப் பெரிதாக்கினால் கண்ணில் விழும் எழுத்து இன்னும் குறையும். சிலருக்குக் கையில் பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியே போதும். முதலில் கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரே பக்கத்தை 16, 18, 20, 24 என நான்கு அளவில் அடித்துப் பிள்ளையிடமே கொடுத்து வாசிக்க விடுங்கள். எந்த அளவு என்று பிள்ளை சொன்ன பிறகு தாளை வெட்டினால் போதும்.